ஐந்து புள்ளி இரண்டு

ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி, முதல் மாடி.
ஏசி ஓடாத நாளில்தான் இந்த அறை உண்மை பேசும்.
கை குளிர்ந்தால் நரம்பு சோம்பும்,
கணக்கு பொய்யாகும்.
காலையில் வந்ததும் என் கையைத்தான் முதலில் கட்டிப் பார்ப்பேன்.
மூன்று புள்ளி நான்கு.
மெஷின் சரி. நானும் சரி.

பதினோரு மணிக்கு ஆவுடைத்தங்கம், முக்கூடல்,
வயது நாற்பத்து மூன்று.
தொழில் என்ற இடத்தில் யாரோ
'வீட்டு வேலை' என்று எழுதியிருந்தார்கள்.
பெருவிரல் நகத்தோரம் புகையிலைப் பழுப்பு.

"ராத்திரி ரெண்டு மணிக்கு கை செத்துப்போவுது.
உதறி உதறி உசுரு குடுக்கேன்.
சுண்டுவிரலு மட்டும் நல்லாத்தான் இருக்கு. அது ஏன்?"

சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு, என்றேன்.
முழங்கையை இடித்துக்கொண்டால் சுரீர் என்று மின்னுமே, அது.
பெருவிரலுக்கும் அடுத்த இரண்டுக்கும்
மோதிரவிரலில் பாதிக்கும் வருவது இன்னொன்று.
மணிக்கட்டில் ஒரு முடுக்கு இருக்கிறது.
ஒன்பது தசைநாண்கள் போய்வரும் அந்த முடுக்கில்
சுவரோரமாக ஒதுங்கி நிற்கிறது அது.
கரண்டு வயர் மாதிரி...

"வயரு எங்க கண்டேன்? வாய்க்கான்னு சொல்லுங்க.
கடைமடைக்குத் தண்ணி வரலைன்னா
அணையில குறைன்னா சொல்லுவோம்?
நடுவுல எவனோ அடைச்சிருக்கான்."

அதுவும் முழுக்கச் சரியில்லை என்று சொல்ல நினைத்தேன்.
இங்கே தண்ணீர் நகர்வதே இல்லை.
ஒரு மடை திறந்தால் அடுத்த மடை திறக்கிறது,
அது திறந்ததால் அடுத்தது.
மருதூரில் திறந்த சேதி மட்டும்
வயல்வரை ஓடுகிறது.
சேதி முடிகிற இடத்தில் சின்ன இடைவெளி;
அதைத் தாண்ட ஒரு சொட்டு ரசாயனம்.
இதையெல்லாம் எப்போது சொல்ல,
வராந்தாவில் பதினாறு பேர்.

பசை தடவி, தகடு ஒட்டி,
மணிக்கட்டில் முனையை வைத்து அழுத்தினேன்.
பெருவிரல் துள்ளியது.

அவள் தன் விரலை
பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஆளைப் போலப் பார்த்தாள்.
"நான் அசைக்கலையே."
இல்லை, நான்தான் அசைத்தேன்.
"என் மண்டைக்குத் தெரியாமலா?"
துள்ளிய பிறகு தெரிந்திருக்கும்.

இன்னொரு முறை. இன்னொரு முறை.
முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வேகம் குறையவில்லை,
நொடிக்கு ஐம்பத்து மூன்று மீட்டர்.
முடுக்கில்தான் தாமதம்.

"ஒண்ணு சொல்லட்டா?" என்றாள்.
"தினமும் ஆயிரம் சுத்துதேன்.
இலை நறுக்கி, தூள் வச்சி, உருட்டி, மடிச்சி, நூலு கட்டி.
அதையும் நான் அசைக்கலைன்னுதான் தோணுது.
நான் பாட்டுக்கு மவ காலேஜ் பீஸை நெனச்சிட்டு இருப்பேன்,
தட்டுல பீடி கெடக்கும்."

பிடரிக்கு மேலே, பின்மண்டையில்,
கைக்குள் அடங்கும் ஒரு மடிப்பு. சிறுமூளை.
பழகிய வேலையை அங்கே கொடுத்துவிட்டு
மீதி மூளை பீஸ் கணக்குப் பார்க்கிறது.
சொன்னேன்.
"அப்போ அதுக்கும்லா கூலி தரணும்" என்று சிரித்தாள்.

பேசிக்கொண்டே இருந்தபோது
இடது கை, நான் ஒயர் மாட்டாத கை,
தொடைமேல் இலை இல்லாமல் தூள் இல்லாமல்
ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தது.
வலது கையும் போகப் பார்த்தது.
ஆட்டாதீங்க, என்றேன்.
திரையில் கோடு கலைந்தது.

ரிப்போர்ட்டில் தாமதம்: ஐந்து புள்ளி இரண்டு.
எத்தனை பீடிக்கு இந்தத் தாமதம் என்று எழுத
அதில் கட்டம் இல்லை.
'வீட்டு வேலை'யை அடித்துவிட்டு
பக்கத்தில் 'பீடி' என்று எழுதினேன்.
டாக்டர் அதைப் படிப்பாரா, தெரியாது.

அவள் போன பிறகு தகடுகளைத் துடைத்தேன்.
பசையில் ஒட்டிக்கொண்டு
நகத்தளவு சிவப்பு நூல்.
அடுத்த ஆள் பெயரைக் கூப்பிட்டேன்.
நூலை எடுத்த விரல்
எதற்கென்று தெரியாமல்
அதைச் சுற்ற ஆரம்பித்திருந்தது.